கடை ஆளுக்கு இருமல் என்றால்

கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில் சரக்கு வாங்கப் போய் வரும் நம் உறுப்பினர்களுக்கு 'தாம்பரம் சானடோரியம்' நிறுத்தம் நன்கு தெரியும். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. ஊருக்கு வெளியே நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவையே வைத்தியம்.

மருந்து வந்த பின்னும் நோயாளியை வீட்டை விட்டுப் பிரித்தே வைக்க வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் படுக்கைக்கு எங்கே போவது? இதற்கு விடை தேடித்தான் 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையம் அமைத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார்.

193 ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். மறு பாதி நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே. மருந்து இருவருக்கும் ஒன்றுதான், ஓராண்டுக்கு. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். சாப்பாடும் ஓய்வும் குறைவு. ஆனாலும் மாத்திரை வேலை செய்தது. அதைவிட முக்கியம், சிகிச்சை தொடங்கிய பின் அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவது கூடவில்லை. உலக நாடுகள் பலவும் சானடோரியங்களை விட்டு வீட்டு வைத்தியத்துக்கு மாற இந்தச் சென்னை ஆய்வு வழிகாட்டியது.

இதில் வியாபாரிக்கு என்ன இருக்கிறது? மூட்டை தூக்கும் ஆளுக்குக் காசநோய் என்று தெரிந்த அன்றே கணக்கு முடித்து அனுப்பும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பயந்தே பலர் இருமலை மறைக்கிறார்கள். மறைத்து, மருந்தில்லாமல் கல்லாவின் பக்கத்தில் நிற்பவரால்தான் ஆபத்து. மருந்து சாப்பிடுபவரால் தொற்றும் அபாயம் விரைவாகக் குறைந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். வழக்கமான காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதத்திலேயே உடம்பு தேறிவிடும். அப்போது மாத்திரையை நிறுத்துபவர்கள்தான் அதிகம். நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாகத் திரும்பக்கூடும். மருந்து வாங்கப் போகும் நாளில் சம்பளம் பிடிக்காமல் விடுங்கள். சத்துணவுக்கென மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். அது வங்கிக் கணக்கில்தான் வரும். உங்கள் ஆளுக்குக் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.