கம்ப்யூட்டர் தேதியைப் பார்த்தீங்களா?



வல்லம் ஒன்றியத்தில் ஒரு ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டத்தில் நடந்தது இது. தவணை கட்டாதவர் பட்டியலை வாசித்தபோது ஒரு உறுப்பினரின் பெயரும் வந்தது. "நான் அஞ்சாம் தேதியே கட்டிட்டேனே!" என்றார் அவர். எல்லார் முன்னாலும் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார். தேடிப் பார்த்தால் பணம் வரவாகித்தான் இருக்கிறது. ஆனால் தேதி 1-1-2002! பழைய கம்ப்யூட்டர் தேதியை மாற்றிக் காட்டியது. நாமும் அதைக் கவனிக்காமல் பதிந்துவிட்டோம்.

ஏன் இப்படி ஆகிறது?

கரண்ட் இல்லாதபோதும் நேரத்தைக் கணக்கு வைக்க கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. காசு போன்ற ஒரு பேட்டரியில் அது ஓடுகிறது. பெரும்பாலும் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பேட்டரிதான். 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனம் என்பதையே அந்த எண் சொல்கிறது. சில வருடங்களில் இது தீர்ந்துவிடும். அப்புறம் மெயின் சுவிட்சை நிறுத்தினாலும், கரண்ட் போனாலும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும்.

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. தினமும் காலையில் பழைய வருடம் காட்டினால் பேட்டரி தீர்ந்துவிட்டது.

2. நேரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கி இருந்தால் பேட்டரியில் குறை இல்லை. கிரீன்விச் நேரத்தில் வைத்திருக்கிறார்கள். திரையின் மூலையில் உள்ள கடிகாரத்தைத் திறந்து, சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்று உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள்.

3. நாளும் மாதமும் இடம் மாறினால் அது அமெரிக்க முறை. 04/05 என்பது நமக்கு மே 4. அவர்களுக்கு ஏப்ரல் 5. தவணைக் கணக்கே புரண்டுவிடும். தேதி அமைப்பில் நாள் முதலில் வரும்படி மாற்றுங்கள்.

இன்டர்நெட் பக்கம் "பாதுகாப்பு இல்லை" என்று சொன்னாலும் முதலில் தேதியைப் பாருங்கள். பக்கங்களின் பாதுகாப்புச் சான்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. தேதி சரியாக இருந்தும் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் பல பக்கங்கள் திறக்காது. அதற்கான பாதுகாப்பு உதவி 8-4-2014 அன்றே நின்றுவிட்டது. அதில் பேங்க் வேலை செய்ய வேண்டாம்.

பேட்டரி மாற்றும்போது

• கம்ப்யூட்டரை நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.
• கூட்டல் குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அதேபோல் புதியதை வையுங்கள்.
• ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி தேதி, நேரம் வைத்து, சேமித்து வெளியே வாருங்கள்.

பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

முதல் பதிவுக்கு முன் காலண்டரையும் கம்ப்யூட்டரையும் ஒப்பிடுங்கள். தவறான தேதியில் பதிந்ததை அழிக்காதீர்கள். திருத்தம் எழுதி, தீர்மான நோட்டிலும் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். ரொக்கப் புத்தகத்தைக் கையால் எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

உறுப்பினர்களே, ரசீதைப் பத்திரமா வையுங்க. அன்று அந்தச் சகோதரியின் மானத்தைக் காத்தது அந்தத் துண்டுக் காகிதம்தான்.