தாத்தாவின் அம்பாசிடர்

கேள்வி: குற்றாலம் சீசனில் தாத்தா வாடகைக்கு ஓட்டிய அம்பாசிடரை மாடலாகச் செய்ய ஆசை. வண்டி இப்போது இல்லை, போட்டோதான் இருக்கிறது. முடியுமா?
– வாசகர், தென்காசி

பதில்: தாராளமாக. நீள, உயர அளவுகளுக்கு நேர் பக்கவாட்டில் எடுத்த போட்டோ ஒன்று போதும். அம்பாசிடரின் முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே சுமார் 2,464 மி.மீ. மாடலை 18-ல் ஒரு பங்கு அளவில் செய்தால் அது 13.7 செ.மீ. போட்டோவில் அந்த இடைவெளி 13.7 செ.மீ. வரும்படி பெரிதாக்கி பிரின்ட் எடுங்கள். மற்ற நீள, உயர அளவுகள் அதிலேயே கிடைத்துவிடும். மார்க் 1-ஆ, 2-ஆ என்பதை முன்பக்கம் தெரியும் போட்டோவில் கிரில்லைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். (இதில் கோட்டைவிட்டால் ஊர்ப் பழைய டிரைவர்கள் சும்மா விடமாட்டார்கள்!) உருண்ட பானெட் அட்டையில் வராது, குமிழ் மரத்தில் செதுக்கி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போடுங்கள். பளபள பெயின்ட் மட்டும் வேண்டாம். சாரலில் நனைந்த வண்டிக்குக் கதவின் அடிவிளிம்பில் துரு ஏறியிருக்குமே, அதையும் தீட்டுங்கள். கூரைமேல் கேரியர் இருந்ததா என்று பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.