தொடுவானம் எத்தனை தூரம்?

மாணவர்களே! துபாய் நகரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட புர்ஜ் கலீஃபா என்ற கட்டடம் 828 மீட்டர் உயரமுடையது. அதன் 124-ஆம் மாடியில் 452 மீட்டர் உயரத்திலும், 148-ஆம் மாடியில் 555 மீட்டர் உயரத்திலும் பார்வையாளர் தளங்கள் இருக்கின்றன. மேல்தளத்திற்குக் கட்டணம் அதிகம். எந்தத் தளத்திற்கு, எப்பொழுது செல்வது நல்லது? சீட்டு வாங்குவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

புவி உருண்டை வடிவமானது. ஆகவே நம் கண்ணிலிருந்து தொடுவானத்திற்குச் செல்லும் கோடு, புவிக்கு ஒரு தொடுகோடு ஆகும். அது தொடும் இடத்தில் புவியின் ஆரத்திற்குச் செங்குத்தாக இருக்கும். பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால் கிடைப்பது:

தொலைவின் வர்க்கம் = 2 × புவியின் ஆரம் × உயரம்

(உயரத்தின் வர்க்கம் மிகச் சிறியது, அதை விட்டுவிடலாம்.)

புவியின் ஆரம் 6,371 கி.மீ.; உயரம் 0.452 கி.மீ. எனில், தொலைவு சுமார் 76 கி.மீ. 0.555 கி.மீ. எனில் 84 கி.மீ. நூறு மீட்டருக்கு மேல் ஏறியும் கூடுதலாகக் கிடைப்பது 8 கி.மீ.தான்! தொலைவு இரு மடங்காக வேண்டுமானால், உயரம் நான்கு மடங்காக வேண்டும்.

அந்த 8 கி.மீ.யும் காற்று தெளிவாக இருந்தால்தான் கிடைக்கும். பாலைவனத் தூசும் கடலின் ஈரமும் ஒளியைச் சிதறச் செய்கின்றன. தொலைவிலுள்ளவை மங்கி மறைகின்றன. கோடையில் இந்த மங்கல் மிகுதி. அப்பொழுது இரு தளங்களிலிருந்தும் தெரிவது ஏறக்குறைய ஒன்றே. ஆகவே உயர்ந்த தளத்தைத் தேடுவதைவிடத் தெளிந்த நாளைத் தேடுவதே மேல். நவம்பர் முதல் மார்ச் வரை அத்தகைய நாள்கள் வாய்ப்பது எளிது.

மாலையில் சென்றால் மற்றொரு வியப்பையும் காணலாம். உயரத்தில் நிற்பவரின் தொடுவானம் கிடைமட்டத்திற்குச் சுமார் 0.7 பாகை கீழே இருக்கிறது. புவி 1 பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. எனவே தரையில் இருப்பவருக்கு மறைந்த சூரியன், மேலே இருப்பவருக்குச் சுமார் 3 நிமிடம் கழித்தே மறையும். 2011-இல் துபாய் மார்க்க அறிஞர்கள், இக்கட்டடத்தில் 80-ஆம் மாடிக்கு மேல் வசிப்போர் 2 நிமிடமும், 150-ஆம் மாடிக்கு மேல் வசிப்போர் 3 நிமிடமும் பிந்தி நோன்பு திறக்க வேண்டும் என அறிவித்தது இதனால்தான்!

லிப்ட் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஏறும். காற்றழுத்தம் விரைந்து குறைவதால் காது அடைக்கும். அஞ்ச வேண்டாம், உமிழ்நீரை விழுங்கினால் சரியாகிவிடும்.

இப்பொழுது உங்களுக்கொரு கணக்கு: கடற்கரையில் நிற்கும் உங்கள் கண், நீர்மட்டத்திலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ளது. தொடுவானம் எத்தனை தூரம்? விடை 5 கி.மீ.க்கும் குறைவு என்றால் வியப்பாக இல்லையா? நீங்களே போட்டுப் பாருங்கள்!