நூல் கட்டும் முன் தாளை எண்ணு!



பரீட்சையில் பெல் அடிக்கப் போகுதுன்னா நாம் என்ன செய்வோம்? அடிஷனல் ஷீட்டை வரிசையாக அடுக்கி, எண்ணிப் பார்த்து, அப்புறம்தான் நூல் கட்டுவோம். ஒரு தாள் டெஸ்க்கிலேயே தங்கிவிட்டால் அதில் எழுதிய விடைக்கு மார்க் கிடையாது. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் இப்படி ஒரு வேலை இருக்கு. கல்லூரியில் கணினி படிக்கும் என் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

'கிட்' என்பது ஒரு மென்பொருள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதை எழுதினார். நாம் சொல்லும்போது புரோகிராமின் அப்போதைய நிலையை இது பதிந்து வைக்கும். அந்தப் பதிவுக்குப் பெயர் 'கமிட்'. அதுதான் நூல் கட்டுவது! அதற்கு முன் செய்ய வேண்டியவை:

1. கிட் ஸ்டேட்டஸ்: மாறிய பைல்கள் எவை, 'அன்ட்ராக்டு' பைல்கள் எவை என்று பட்டியல் போடும். அன்ட்ராக்டு என்றால் நாம் புதுசா உருவாக்கி, கிட்டிடம் இன்னும் ஒப்படைக்காத பைல். டெஸ்க்கில் கிடக்கும் தாள் இதுதான்.

2. கிட் டிஃப்: எந்த வரி மாறியது என்று காட்டும். நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி இருக்கும். ஆனால் அன்ட்ராக்டு பைலை இது காட்டாது.

3. கிட் ஆட்: வேண்டிய பைலைப் பெயர் சொல்லிச் சேர்க்கும். சேர்த்ததைச் சரிபார்க்க 'கிட் டிஃப் --ஸ்டேஜ்டு' என்று கேட்கணும்.

ஏன் இவ்வளவு கவனம்? மார்க் கூட்டும் புரோகிராமுக்கு 'சராசரி' என்று புது பைல் எழுதுகிறோம். அதைச் சேர்க்காமல் கமிட் செய்தாலும் நம் கம்ப்யூட்டரில் ஓடும், ஏன்னா பைல் இங்கேயே இருக்கு. வாங்கிப் போடும் தோழியின் கம்ப்யூட்டரில் ஓடாது!

கண்ணை மூடிக்கொண்டு எல்லாத்தையும் சேர்ப்பதும் ஆபத்து. பாஸ்வேர்டு எழுதிய பைலும் கூடவே போய்விடும். அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். வெளியே போய்விட்டால் பாஸ்வேர்டையே மாற்றணும். அதனால் சேர்க்கக் கூடாத பைல்களின் பெயரை முதலிலேயே '.கிட்இக்னோர்' என்ற பைலில் எழுதி வைக்க வேண்டும்.

யோசியுங்கள்: கிட் டிஃப் எதையுமே காட்டவில்லை. அப்படின்னா எதுவும் விட்டுப்போகவில்லை என்று சொல்லலாமா? விடை மேலேயே இருக்கு, தேடிப் பாருங்கள்!



9ஆம் வகுப்பு மாணவி