முடக்குவாத மருந்து கற்பிக்கும் மூன்று பாடங்கள்



உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் வியாதிகள் உண்டு. ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் முடக்குவாதம் அவற்றில் ஒன்று. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. தம்ளரைப் பிடிப்பதும் தலைவாருவதும் பெரும்பாடு. இதற்கு மருந்து கண்ட வரலாற்றிலிருந்து மூன்று பாடங்களைத் தியானிப்போம்.

1. வியாதியஸ்தரின் சொல்லுக்குச் செவிகொடுத்தல்

1929-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஒரு முடக்குவாத நோயாளி, தமக்கு மஞ்சள்காமாலை வந்ததும் மூட்டுவலி குறைந்துவிட்டதாகச் சொன்னார். டாக்டர் பிலிப் ஹென்ச் அதைத் தள்ளிவிடவில்லை. கர்ப்பிணிகள் பலருக்கும் வலி தணிவதைக் கவனித்தார். அப்படியானால் உடலிலுள்ள ஏதோ ஒரு பொருள் இவ்வியாதியை அடக்குகிறது என்று நிதானித்தார். ஏறக்குறைய 20 ஆண்டுகள் அதைத் தேடினார். அவருடைய தோழர் எட்வர்ட் கெண்டால் அட்ரினல் சுரப்பியில் கண்டறிந்த பொருளை, 1948 செப்டம்பரில் 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார்கள். படுக்கையோடு கிடந்தவர் சில நாட்களில் நடந்தார். அதுவே கார்ட்டிசோன்.

2. வெற்றியையும் சோதித்துப் பார்த்தல்

1950-இல் இருவருக்கும், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பியது. அதிக அளவில் நெடுநாள் எடுத்தவர்களுக்கு முகம் உப்பியது, எலும்பு பலவீனமானது, சர்க்கரை ஏறியது. இதனால்தான் இன்று ஸ்டீராய்டை இயன்றவரை குறைந்த அளவில், குறைந்த காலம் கொடுக்கிறார்கள். வலி போகிறதே என்று கடையில் தாமாகவே வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து; நெடுநாள் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

3. பொறுமையோடு காத்திருத்தல்

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் தலைமை தாங்கிய ஆய்வுக்குழு, 1940-களில் மெத்தோட்ரெக்ஸேட்டை உருவாக்கியது. அதை முதலில் புற்றுநோய்க்கே பயன்படுத்தினார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த அமினோப்டெரின் முடக்குவாதத்துக்கும் பலன் தருவதாக 1951-இலேயே தெரியவந்தது. ஆனால் அப்போது எல்லாருடைய கண்ணும் கார்ட்டிசோன்மேல் இருந்தது. 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தின் பலன் தெளிவாயிற்று. 1988-இல் அமெரிக்க அரசு இவ்வியாதிக்கு அதை அனுமதித்தது. இன்றும் பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படுவது இதுவே, விலையும் குறைவு.

ஆனால் இது ஊசி போட்டதும் வலி போக்கும் மருந்தல்ல. பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே சாப்பிட வேண்டும். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டவர்கள் உயிரிழந்ததுண்டு. கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடலாகாது. இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.

வலி நிற்பது மட்டும் சுகமல்ல. மூட்டு உருக்குலையாமல் காப்பதே சுகம். சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் கைகள் கோணாமல் காக்கலாம்.

சிந்திக்க:

அ) காலையில் விரல் விறைப்பு ஒரு மணி நேரத்துக்குமேல் நீடிப்பதாகச் சொல்பவர் நம் வீட்டில் உண்டா? "வயசானால் அப்படித்தான்" என்று அவரை அடக்கிவிட்டோமா?

ஆ) வார மாத்திரை சாப்பிடுபவர் நம்மோடு இருந்தால், அது எந்தக் கிழமை என்று நாம் அறிவோமா?