அடிக்கடி நிமோனியாவா? இந்த ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்!

'எம் புள்ளைக்கு மாசம் தவறாம ஜுரம், மார்ச்சளி. ஊசி போட்டா நிக்குது, அடுத்த மாசம் மறுபடி வருது...' வில்லியனூர், பாகூர் பக்கம் இப்படிப் புலம்பும் தாயா நீங்கள்? முதலில் பயப்படாதீர்கள். சின்னப் பிள்ளைக்கு வருடத்தில் ஏழெட்டு முறை சளி பிடிப்பது சகஜம்.

ஆனால் ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறை காதில் சீழ், எடையும் ஏறவில்லை என்றால், மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

குழந்தை பிறக்கும்போதே தாயின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் பொருளை வாங்கிக்கொண்டு வருகிறது. அந்த இருப்பு சுமார் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். பிறகு தானே தயாரிக்க வேண்டும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அது முடிவதில்லை. ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்த பிள்ளை அதன்பிறகு நோயில் விழுவது இதனால்தான். (நாம் கண் பட்டுவிட்டது என்போம்!)

இதை முதலில் கண்டுபிடித்தவர் அமெரிக்க ராணுவ டாக்டர் புரூட்டன். எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு நான்கு வருடத்தில் 19 முறை கடுமையான தொற்று. ரத்தத்தின் புரதங்களைப் பிரித்துப் பார்த்தால், 'காமா குளோபுலின்' என்ற பகுதியே இல்லை! மற்றவர்கள் ரத்தத்திலிருந்து எடுத்த அந்தப் புரதத்தை மாதாமாதம் ஊசியாகப் போட்டார். ஒரு வருடத்துக்கும் மேல் பையனுக்குப் பழைய தொல்லை வரவில்லை. 1952-ல் இதை எழுதி வெளியிட்டார்.

இன்றும் வைத்தியம் அதுதான். ஆயிரக்கணக்கானோர் ரத்தத்திலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள். ஏற்றியதில் பாதி மூன்று வாரத்தில் குறைந்துவிடும் என்பதால் இடைவெளி விடக் கூடாது. எடையில் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம். 15 கிலோ பிள்ளைக்கு 6 முதல் 9 கிராம். ஆயுள் முழுக்கத் தேவை, விலையும் அதிகம். உதவித் திட்டம் உண்டா என்று ஆஸ்பத்திரியில் கூச்சப்படாமல் கேளுங்கள். தாமதித்தால் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

ஊர் சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கி, கோரிமேடு ஜிப்மர் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். 'இம்யூனோகுளோபுலின் அளவு பார்க்கணுமா டாக்டர்?' என்று கேட்பதில் தப்பில்லை. இது எய்ட்ஸ் அல்ல, யாருக்கும் தொற்றாது.

குறை உறுதியானால் போலியோ சொட்டு மருந்து கூடாது. அதில் இருப்பது உயிருள்ள கிருமி. கூடப் பிறந்தவர்களுக்கும் டாக்டரைக் கேட்டே கொடுங்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

புரூட்டன் கண்ட வகை ஆண் பிள்ளைகளுக்கே வரும். பெரும்பாலும் தாய் வழியில். தாய்க்கோ ஒன்றும் தெரியாது, நன்றாகவே இருப்பாள். அவளைத் திட்டி என்ன பயன்? அவள் பிறந்த வீட்டில் தாய்மாமன் யாராவது சின்ன வயதில் ஜுரத்தில் இறந்ததுண்டா என்று விசாரித்து, பழைய சீட்டுகளோடு அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.