உணரி சொல்வது என்ன?

காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையின் நெற்றியில் அம்மா கைவைத்துப் பார்க்கிறார். "உடம்பு இப்படிக் கொதிக்கிறதே!" என்கிறார். உடம்பு சுடுகிறது என்பதைக் கை சொல்லிவிடும். எவ்வளவு சுடுகிறது என்பதைக் கையால் சொல்ல முடியாது. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 38.6 டிகிரி செல்சியஸ் என்று எண் தெரிகிறது. உடனே மருந்தகத்துக்குப் போவதா, சற்றுப் பொறுத்துப் பார்ப்பதா என்று வீட்டார் முடிவெடுக்க அந்த எண் உதவுகிறது.

இயந்திரங்களுக்கும் இத்தகைய கவனிப்புத் தேவை. ஒரு தொழிற்சாலையில் எத்தனையோ குழாய்களும் கொதிகலன்களும் பம்புகளும் இரவு பகலாக இயங்குகின்றன. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் போதாது. தொட்டால் கை வெந்துவிடும் இடங்களும் உண்டு. அங்கெல்லாம் மனிதனின் கைக்கும் கண்ணுக்கும் பதிலாக நிற்பவையே உணரிகள். தம்மைச் சுற்றி ஏற்படும் ஒரு மாற்றத்தை உணர்ந்து, அதைப் பெரும்பாலும் மின்குறிப்பாக மாற்றி அனுப்புவது அவற்றின் வேலை. அந்தக் குறிப்பே திரையில் எண்ணாகத் தெரிகிறது. ஆபத்து நேரத்தில் மணியாக ஒலிக்கிறது.

இயந்திரங்களைக் கண்காணிக்கும்போது பெரிதும் அளக்கப்படுபவை மூன்று: வெப்பநிலை, ஈரப்பதம், குழாய்களில் ஓடும் நீர், எண்ணெய், வாயு போன்றவற்றின் ஓட்டம்.

வெப்பத்தை அறிதல்

1821ஆம் ஆண்டு, தாமஸ் சீபெக் என்ற அறிவியலாளர் இரு வேறு உலோகங்களை இணைத்து ஒரு வளையம் செய்தார். இணைப்பு ஒன்றைச் சூடாக்கியபோது, அருகில் இருந்த காந்த ஊசி அசைந்தது. இணைப்புகள் இரண்டும் வெவ்வேறு வெப்பநிலையில் இருந்தால் வளையத்தில் மின்சாரம் ஓடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. 'வெப்ப இரட்டை' எனப்படும் உணரி இந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறது. ஆயிரம் டிகிரியைத் தாண்டிய உலைகளிலும் தாக்குப்பிடிக்கும் வெப்ப இரட்டைகள் உள்ளன.

நம் வீட்டுக் குளிரூட்டியிலும் மின்னியல் வெப்பமானியிலும் இருப்பது பெரும்பாலும் 'தெர்மிஸ்டர்' என்னும் சிறு உணரியாகும். அது மிளகளவே இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அந்த மாற்றத்தை அளந்து, கருவி வெப்பநிலையைக் கணக்கிடுகிறது.

ஈரப்பதத்தை அறிதல்

மழைக்காலத்தில் முறுக்கு நமுத்துப்போவதையும், கதவு விரைத்துக்கொண்டு மூட மறுப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். காற்றில் உள்ள ஈரமே காரணம். ஒரு வெப்பநிலையில் காற்று ஏற்கக்கூடிய நீராவி 100 பங்கு என்றால், அதில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதே சார்பு ஈரப்பதம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விடியற்காலையில் இது 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம்.

ஈரக் காற்றில் மனித முடி சற்று நீளும். உலர்ந்த காற்றில் சுருங்கும். ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் என்ற அறிஞர் இதைப் பயன்படுத்தி ஈரப்பதமானி ஒன்றை உருவாக்கினார். 1783ஆம் ஆண்டில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். இன்றைய மின்னியல் உணரிகளில் முடிக்குப் பதிலாக, ஈரத்தை உறிஞ்சும் மெல்லிய படலம் ஒன்று உள்ளது. படலம் ஈரத்தை ஏற்கும்போது அதன் மின்பண்பு மாறுகிறது. கருவி அந்த மாற்றத்தை விழுக்காடாகக் காட்டுகிறது.

ஈரப்பதம் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், குளிரூட்டி பிறந்ததே அதனால்தான். 1902ஆம் ஆண்டு, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில் வண்ணப் படங்கள் சரியாக அமையவில்லை. காற்றின் ஈரத்துக்கேற்பத் தாள் விரிந்தும் சுருங்கியும் போனதால், ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட வண்ணங்கள் விலகி விழுந்தன. அந்தச் சிக்கலைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த இயந்திரமே நவீன குளிரூட்டியின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. மனிதர்களின் வசதிக்காக அன்று, தாளின் நலனுக்காகவே அது முதலில் உருவானது!

ஓட்டத்தை அறிதல்

1832ஆம் ஆண்டு, மைக்கேல் ஃபாரடே இலண்டனில் உள்ள வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றில் உலோகத் தகடுகளை இறக்கினார். பூமியின் காந்தப் புலத்தின் ஊடே ஓடும் நீரில் மின்னழுத்தம் பிறக்கும் என்பது அவர் எண்ணம். அன்றைய கருவிகளால் அதைத் தெளிவாக அளக்க முடியவில்லை. ஆயினும் அவரது எண்ணம் சரியானதே. இன்று பெரிய நீர்க்குழாய்களில் பொருத்தப்படும் மின்காந்தப் பாய்வுமானிகள் அதே விதிப்படி இயங்குகின்றன. வேறு சில பாய்வுமானிகளில், நீரின் வேகத்தால் சிறு சக்கரம் சுழலும். இன்னும் சில, ஒலியலை நீரோட்டத்தோடு செல்லும் நேரத்தையும் எதிர்த்துச் செல்லும் நேரத்தையும் ஒப்பிட்டு வேகத்தைக் கணிக்கும்.

இதனால் என்ன பயன்? மலேசியாவில் சுத்திகரித்து அனுப்பப்படும் குடிநீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கட்டணமாகத் திரும்புவதில்லை. பழைய குழாய்களில் ஏற்படும் கசிவு அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. மண்ணுக்கடியில் கசியும் குழாயைக் கண்ணால் காண முடியாது. அதனால், ஒரு வட்டாரத்துக்குள் நுழையும் நீரை நள்ளிரவு கடந்த வேளையில் அளக்கிறார்கள். எல்லாரும் உறங்கும் நேரத்தில் நீரோட்டம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதும் நீர் மிகுதியாக ஓடினால், எங்கோ குழாய் கசிகிறது என்று ஐயப்படலாம். இங்கே கவனியுங்கள்: பாய்வுமானி எண்ணை மட்டுமே தந்தது. எந்த நேரத்து எண்ணைப் பார்க்க வேண்டும் என்று சிந்தித்தவர் மனிதர்.

எதை அளக்கிறோம்?

இத்தகைய உணரி பெரும்பாலும், தான் இருக்கும் இடத்தில், தான் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளைப் பற்றி மட்டுமே சொல்லும். மருந்தகத்தில் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்சாதனப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். சூடு ஏறினால் மருந்து வீரியம் இழக்கும். கல்லீரல் அழற்சி 'பி' தடுப்பூசி போன்றவை உறைந்தாலும் கெட்டுவிடும்.

பெட்டியில் உணரியை அப்படியே தொங்கவிட்டால் அது காற்றின் வெப்பநிலையை அளக்கும். தாதியர் கதவைத் திறக்கும்போதெல்லாம் எண் சட்டென ஏறும். ஆனால், புட்டிக்குள் இருக்கும் மருந்து அவ்வளவு விரைவில் சூடாவதில்லை. வீணாக மணி அடித்துக்கொண்டே இருந்தால், நாளடைவில் யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஆகவே, உணரியின் முனையைத் திரவம் நிறைந்த ஒரு சிறு புட்டிக்குள் அமிழ்த்தி, மருந்துகளுக்கு நடுவே வைக்கிறார்கள். இப்போது அது மருந்தின் நிலைக்கு நெருக்கமான எண்ணைக் காட்டும். உணரி மாறவில்லை, அதை வைத்த இடம் மாறியது. அதனால், அது தரும் விடையும் மாறியது.

அணைந்திருந்த விளக்கு

இந்த உண்மையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், அதிகாலை 4 மணியளவில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நீர் செலுத்தும் பம்புகள் நின்றுபோயின. அணு உலை தானாகவே நிறுத்தப்பட்டது. அழுத்தம் கூடியதால் ஒரு வால்வு திறந்து அதைத் தணித்தது. அதுவரை எல்லாம் திட்டப்படியே நடந்தன. அழுத்தம் குறைந்ததும் வால்வு மூடியிருக்க வேண்டும். ஆனால், அது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது. அணு உலையைக் குளிர்விக்க வேண்டிய நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் வால்வுக்குரிய விளக்கு அணைந்திருந்தது. 'வால்வு மூடிவிட்டது' என்று ஊழியர்கள் நம்பினார்கள். உண்மையில் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. 'மூடு' என்ற கட்டளை அனுப்பப்பட்டதை மட்டுமே காட்டியது. கட்டளை போனது, வால்வு அதைக் கேட்கவில்லை.

வால்வுக்கு அப்பால் இருந்த குழாயின் வெப்பநிலை உயர்ந்திருப்பதை உணரி காட்டத்தான் செய்தது. ஆனால், அந்தப் பாதையில் முன்பே சிறு கசிவு இருந்ததால், 'இது வழக்கமான சூடுதான்' என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். அணு உலையில் எரிபொருளை எவ்வளவு நீர் மூடியிருக்கிறது என்பதை நேரடியாகக் காட்டும் கருவி அங்கு இல்லை. வேறொரு கலத்தின் நீர்மட்டம் உயர்ந்திருந்ததைப் பார்த்து, நீர் தேவைக்கு மேல் இருப்பதாக எண்ணி, அவசரநிலை நீரையும் குறைத்துவிட்டார்கள்.

இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பிறகு, காலையில் பணிக்கு வந்த ஒருவர் ஐயப்பட்டு, அதே பாதையில் இருந்த மற்றொரு வால்வை மூடச் செய்தார். அதற்குள் பெருஞ்சேதம் தொடங்கிவிட்டது. அணு உலையின் மையப் பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகிப்போனது. நல்ல வேளையாக, உலையைச் சுற்றியிருந்த காப்புக் கட்டடம் தாங்கிக்கொண்டது. விபத்தில் எவரும் உயிரிழக்கவில்லை. ஆனால், துப்புரவுப் பணி 1993ஆம் ஆண்டுவரை நீடித்தது. இந்த விபத்துக்குப் பின், வால்வு உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்பதை நேரடியாகக் காட்டும் கருவிகள் அமெரிக்க அணுமின் நிலையங்களில் கட்டாயமாக்கப்பட்டன. ஊழியர்களின் பயிற்சி முறையும் மாற்றி அமைக்கப்பட்டது.

கேட்கத் தெரிந்தவர் வேண்டும்

அந்த ஊழியர்கள் சோம்பேறிகள் அல்லர், பயிற்சி பெற்றவர்கள். ஆயினும், தாங்கள் எதிர்பார்த்த விடையைக் கண்டதும் அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள். 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' மெய்ப்பொருள் காண வேண்டும் என்பது நாம் அறிந்த அறிவுரை. அது மனிதர் சொல்லுக்கு மட்டுமன்று, கருவியின் சொல்லுக்கும் பொருந்தும்.

இன்று வீட்டிலும் வாகனத்திலும் கைக்கடிகாரத்திலும்கூட உணரிகள் வந்துவிட்டன. எண்களுக்குப் பஞ்சமில்லை. ஓர் எண்ணைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். இந்த உணரி உண்மையில் எதை அளக்கிறது? எந்த இடத்தில் இருந்து அளக்கிறது? மற்ற உணரிகளும் இதையே சொல்கின்றனவா? நாளை உங்களுள் சிலர் பொறியாளராகலாம், தாதியராகலாம், விமானியாகலாம். அன்று உங்கள் முன்னே ஒரு விளக்கு அணைந்திருக்கும்போது, இந்தக் கேள்விகள் பல உயிர்களைக் காக்கக்கூடும்.

சிந்தித்து விடை கூறுக

1. தடுப்பூசி மருந்துப் பெட்டியில் உணரியைத் திரவப் புட்டிக்குள் வைப்பதன் காரணம் யாது?
2. குழாய்க் கசிவைக் கண்டறிய நள்ளிரவு கடந்த வேளையில் நீரோட்டத்தை அளப்பது ஏன்?
3. 'கட்டளை போனது, வால்வு அதைக் கேட்கவில்லை' என்ற தொடரை உம் சொந்த நடையில் விளக்குக.
4. உம் வீட்டில் அல்லது பள்ளியில் உள்ள ஓர் உணரியைத் தேர்ந்தெடுத்து, அது எதை அளக்கிறது, அது இருக்கும் இடம் பொருத்தமானதா என்று ஐந்து வாக்கியங்களில் எழுதுக.